ரத்தக் குழாய் நல்லா இருக்கு, சரி. மாத்திரை எத்தனை வருஷமா போகுது?

"கண்ணுல ரத்தக் குழாயெல்லாம் நல்லா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல." உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய்களான சரவாங்கிக்கோ லூபஸுக்கோ வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறவங்க கண்ணைக் காட்டப் போய்ட்டு இந்த ஒரு வரியோட திரும்பி வர்றாங்க. அதுலதான் எனக்கு ஆதங்கம். அந்த வரி பொய் இல்ல. போட்டோவுல தெரியுற குழாய்கள் நிஜமாவே நல்லா இருக்கலாம். ஆனா அவங்க கேட்கப் போன கேள்விக்கு அது பதில் இல்ல. நோய் கண்ணுக்குள்ள என்ன பண்ணுதுங்கறது ஒரு கேள்வி. நோய்க்குச் சாப்பிடுற மாத்திரை கண்ணுக்குள்ள என்ன பண்ணுதுங்கறது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ரத்தக் குழாய் நல்ல சாட்சி. ரெண்டாவது கேள்வியில, நம்ம ஊர்ல அதிகமா எழுதிக் கொடுக்கிற அந்த ஒரு மாத்திரை விஷயத்துல, ரத்தக் குழாய் ரொம்பத் தாமதமா வாயைத் திறக்கிற சாட்சி. அது பேச ஆரம்பிக்கிறப்போ பார்வை ஏற்கெனவே நிறையக் கெட்டிருக்கும். இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ரத்தக் குழாய்க்கு உரிய மரியாதையைக் கொடுத்துடுவோம். உடம்புல ரத்தக் குழாயைக் கத்தி வைக்காம, நேரா பார்க்க முடியுற அபூர்வமான இடம் விழித்திரை. 1851-ல ஜெர்மனியில ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ள பார்க்கிற கருவியை வெளியிட்ட நாள்லேருந்து, டாக்டர்கள் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தே சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பத்திப் பேசுறாங்க. லூபஸ் நோயாளியோட விழித்திரையில பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டுகள் தெரிஞ்சா, அங்க நுண்குழாய் அடைச்சு ரத்தம் போகலைன்னு அர்த்தம். அது கண்ணோட பிரச்சினை மட்டும் இல்ல. உடம்புக்குள்ள நோய் அடங்காம இருக்குங்கறதுக்கும், சில சமயம் சிறுநீரகம் பாதிச்சு அழுத்தம் ஏறியிருக்குங்கறதுக்கும் அது அடையாளம். ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கு இதுல இன்னொரு சுற்றுவழி இருக்கு. ஸ்டீராய்டு சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏத்தும். அந்த ரெண்டும் விழித்திரைக் குழாயைக் கெடுக்கும். அதாவது, மருந்து நேரா குழாயைத் தொடாம, ரெண்டு கை மாறி வந்து தொடும். (ஸ்டீராய்டு தனியாவே கண்புரையைச் சீக்கிரம் வரவழைக்கும், கண் நீர் அழுத்தத்தைச் சத்தமில்லாம ஏத்தும், சிலருக்கு விழித்திரைக்கு அடியில நீர் கோத்துக்கும். இதெல்லாம் குழாய் போட்டோவுல தெரியாது. அதனால ஸ்டீராய்டுல இருக்கிறவங்க கண் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்க.)

புதுசா வந்திருக்கிற மருந்துகள்லயும் குழாயைப் பார்க்க வேண்டிய காரணம் இருக்கு. சரவாங்கிக்குக் கொடுக்கிற டோபாசிடினிப் மாத்திரைக்கு ஐரோப்பாவுல வர்ற மருந்துக் குறிப்புல, விழித்திரைச் சிரையில ரத்தம் உறைஞ்சு அடைக்கலாம்னு எச்சரிக்கையே இருக்கு. டி.என்.எஃப். அப்படிங்கற அழற்சிப் பொருளை அடக்குற ஊசிகள் வேற விதம். உடம்புல தூங்கிக்கிட்டிருக்கிற காசநோயை அது எழுப்பி விடலாம்னு 2001-லயே தெரிஞ்சு போச்சு. நம்ம நாட்டுல இதை லேசா எடுத்துக்க முடியாது. காசநோயாலயும் விழித்திரைக் குழாய் வீங்கலாம். அதனால இங்க குழாய் வீங்கியிருந்தா, லூபஸ்தான் கிளம்பியிருக்குன்னு உடனே ஸ்டீராய்டை ஏத்திட முடியாது. காசநோய் இல்லைன்னு முதல்ல உறுதி பண்ணணும். ரெண்டு நோய்க்கும் வைத்தியம் நேரெதிர்த் திசையில போகுது. அதனால குழாயைப் பாருங்க, நல்லாவே பாருங்க. ஆனா பார்த்து முடிச்சதும் கோப்பை மூடிடாதீங்கன்னுதான் சொல்றேன்.

ஏன்னா, லூபஸ் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும், சரவாங்கி வந்தவங்கள்ல நிறையப் பேருக்கும் கொடுக்கிற மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். எச்.சி.க்யூ.ன்னு சொல்ற அதேதான். 2020-ல கொரோனா சமயத்துல உலகம் பூரா இந்தப் பேரைக் கேட்டுச்சு. அதோட அண்ணன் குளோரோகுயின், 1934-ல ஜெர்மனியில மலேரியாவுக்காக உருவாக்கினது. அதைவிடச் சாதுவான தம்பியா எச்.சி.க்யூ. 1955-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. நாலே வருஷத்துல, 1959-ல, குளோரோகுயின் ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்கு விழித்திரை கெடுதுன்னு லான்செட் இதழ்ல கட்டுரை வந்துடுச்சு. தம்பிக்கும் அதே குணம் உண்டு, கொஞ்சம் மெதுவா. இந்த மருந்து விழித்திரையோட கறுப்பு நிறமிப் படலத்துல போய் ஒட்டிக்கிட்டு ரொம்ப நாள் தங்குது. சரியா எப்படிக் கெடுக்குதுங்கறது இன்னும் விவாதத்துல இருக்கு. ஆனா எங்க கெடுக்குதுங்கறதுல விவாதம் இல்ல. பார்வையோட நட்டநடு மையத்தை விட்டுட்டு, அதைச் சுத்தி ஒரு வளையமா ஒளியை வாங்குற செல்களை அரிக்கும்.

இந்த வளையம்தான் ஆளை ஏமாத்துது. மையம் கடைசி வரைக்கும் தப்பிச்சு நிக்கறதால, சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்து அட்டையில கடைசி வரியையும் படிச்சிடலாம். ஆனா பேப்பர் படிக்கிறப்போ ஒரு வார்த்தை தெரிஞ்சு பக்கத்து வார்த்தை காணாமப் போகும். வயசாச்சு, கண்ணாடி மாத்தணும்னு நினைச்சுக்குவாங்க. விழித்திரைப் போட்டோவுல குறிபார்த்துச் சுடுற பலகையில இருக்கிற மாதிரி வளையம் பளிச்சுன்னு தெரியுற நிலைமைக்கு வந்தா, அது முத்தின கட்டம். அதுக்கும் அப்புறம், கடைசிக் கட்டத்துலதான் விழித்திரைத் தமனிகள் மெலிஞ்சு போறது தெரியும். ஆக, எச்.சி.க்யூ. சாப்பிடுறவங்க கண்ணுல ரத்தக் குழாய் மாறுதான்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது, முடிஞ்ச கதைக்குக் காவல் இருக்கறதுதான். இப்போ சாயம் ஏத்தாமலே நுண்குழாய்களைப் படம் பிடிக்கிற ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி வந்திருக்கு. அதுல, இந்த மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்கு நுண்குழாய் அடர்த்தி குறையுதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது. வித்தியாசமே இல்லைன்னு வேற சில ஆய்வுகள் சொல்லுது. குறைஞ்சிருந்தாலும் அது மாத்திரை பண்ணினதா, லூபஸ் பண்ணினதான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். சுவாரஸ்யமான ஆராய்ச்சிதான், தொடரட்டும். ஆனா இன்னைக்கு ஒருத்தரோட மாத்திரையைத் தொடரலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க அதை நம்ப முடியாது.

நம்ப வேண்டிய சோதனை ரெண்டு. ஒண்ணு ஓ.சி.டி. ஸ்கேன். கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கிற விழித்திரையை ஒளியாலேயே அடுக்கடுக்கா வெட்டிக் காட்டுற படம் அது. தாடையை வச்சு, புள்ளியைப் பார்த்தா சில நிமிஷத்துல முடிஞ்சுடும், வலி இல்ல. இன்னொண்ணு ஃபீல்டு டெஸ்ட். கிண்ணம் மாதிரி ஒரு திரைக்குள்ள மினுக்குற ஒளிப்புள்ளி தெரியுறப்போ எல்லாம் பொத்தானை அமுக்கணும். இது கொஞ்சம் அலுப்பான சோதனை. முதல் தடவை நிறையப் பேருக்குச் சரியா வராது. ரெண்டாவது தடவை பண்ணினா பழகிடும், அதனால முதல் முடிவைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 2016-ல அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த ரெண்டையும் சேர்த்துப் பண்ணச் சொல்லுது. மாத்திரை ஆரம்பிச்ச ஒரு வருஷத்துக்குள்ள ஒரு தடவை விழித்திரையைப் பார்த்து வச்சுக்கணும். ஐந்து வருஷம் ஆனதும் வருஷா வருஷம் பார்க்கணும். பிரிட்டன்லயும் ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறைங்கறதுதான் கணக்கு; கூடுதல் ஆபத்து இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் ஆனதுமே தொடங்கணும்.

இதுல நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கு. 2015-ல கலிஃபோர்னியா நோயாளிகளை வச்சு வந்த ஆய்வுல, மாத்திரையால விழித்திரை கெட்ட வெள்ளையர்கள்ல நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் அந்த வளையம் மையத்தை விட்டுத் தள்ளி வெளியில விழுந்திருந்துச்சு. ஆசிய வம்சாவளியினர்ல பாதிப் பேருக்கு அப்படி. மையத்தை மட்டும் சோதிக்கிற குறுகலான ஃபீல்டு டெஸ்ட்டும் குறுகலான ஸ்கேனும் பண்ணினா, வெளியில இருக்கிற சேதம் கண்ணுலயே படாது. கலிஃபோர்னியாவுல ஆசியர்னு சேர்த்தவங்கள்ல சீனர், ஃபிலிப்பைன்ஸ்காரர், வியட்நாமியர்னு பலர் இருப்பாங்க, நம்ம கடலூர் மாவட்டத்துக்காரருக்கு அது எப்படிப் பொருந்தும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பாதிக்குப் பாதி கணக்கு நமக்கு அப்படியே வரும்னு நானும் சொல்லலை. ஆனா அகலமாப் பார்க்கறதுக்குக் கூடுதலா ஆகுறது சில நிமிஷம். பார்க்காம விட்டா போறது திரும்பி வராத பார்வை. ரெண்டையும் தட்டுல வச்சா எது கனம்னு தெரியுதுல்ல? அதனால, "எச்.சி.க்யூ.வுக்காகப் பார்க்கிறோம், கொஞ்சம் அகலமாவே பாருங்க"ன்னு கண் டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க. என்ன மாத்திரை, எத்தனை வருஷம்னு சொன்னாத்தான் அவரும் எங்க பார்க்கணும்னு முடிவு பண்ண முடியும்.

ஆபத்து எவ்வளவு பெருசு? இங்க நேர்மையாப் பேசணும், ஏன்னா பயமுறுத்துறதும் ஒரு கெடுதல்தான். 2014-ல மெல்லஸ், மார்மோர்னு ரெண்டு ஆய்வாளர்கள், ஐந்து வருஷத்துக்கு மேல மாத்திரை சாப்பிட்ட 2,361 பேரோட கணக்கைப் பார்த்து எழுதினாங்க. மொத்தமாப் பார்த்தா நூத்துக்கு 7.5 பேருக்கு ஏதோ ஒரு அளவுல விழித்திரைச் சேதம். ஆனா உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்குள்ள சாப்பிட்டவங்களை மட்டும் எடுத்தா, முதல் பத்து வருஷத்துல நூத்துக்கு ரெண்டு பேர் கூட இல்ல. இருபது வருஷம் தாண்டினா கிட்டத்தட்ட இருபது பேர். சிறுநீரகம் சரியா வேலை செய்யாட்டி ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ஏன்னா மருந்து வெளியேறுற வழிகள்ல சிறுநீரகமும் ஒண்ணு. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் சேர்த்துச் சாப்பிட்டா நாலு மடங்குக்கும் மேல. இந்தக் கணக்கு ரெண்டு விஷயத்தை ஒண்ணாச் சொல்லுது: முதல் சில வருஷம் நிம்மதியாச் சாப்பிடலாம், பத்து, பதினைந்து வருஷம் ஆனவங்க ஒரு வருஷம் கூடத் தவற விடக் கூடாது. ஆனா நடைமுறையில இது தலைகீழா இருக்கு. மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல பயந்துக்கிட்டு ஓடி ஓடிப் பார்க்கிறாங்க. வருஷம் ஆக ஆக, மாத்திரை பழகிப் போக, சோதனையும் மறந்து போகுது.

அந்தக் கிலோவுக்கு 5 மில்லிகிராம்ங்கற கணக்குல இன்னும் கொஞ்சம் நிக்கணும். இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா, இது இருக்கட்டும். 400 மில்லிகிராம் மாத்திரை யாருக்குச் சரி? 80 கிலோ இருக்கிறவருக்கு. நம்ம மாவட்டத்துல குறிஞ்சிப்பாடி, மந்தாரக்குப்பம், வடலூர் பக்கம் வயல்லயும் வீட்டுலயும் உழைக்கிற பெண்கள்ல எத்தனை பேர் 80 கிலோ? லூபஸ் வர்ற பத்துப் பேர்ல ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். சரவாங்கியிலயும் பெண்கள்தான் அதிகம். 50 கிலோ உள்ள அம்மாவுக்குத் தினம் 400 கொடுத்தா கிலோவுக்கு 8. 45 கிலோன்னா கிட்டத்தட்ட 9. அவங்களுக்குச் சரியான அளவு 225-லேருந்து 250-க்குள்ள. 60 கிலோன்னா 300, அதை ஒரு நாள் 200, மறுநாள் 400-ன்னு கூடச் சமாளிக்கலாம். இது கடையில கிடைக்கிற மாத்திரை அளவுக்கு உடம்பைப் பொருத்துற விஷயம் இல்ல, உடம்புக்கு மாத்திரையைப் பொருத்துற விஷயம். நோய் முத்தி ஆள் இளைச்சுப் போனா பழைய அளவே கூடுதலாகிடும். அதனால எடை மெஷின்ல ஏறி நிக்கறதும் கண் பரிசோதனையோட ஒரு பகுதிதான். (நீங்களாவே அளவைக் குறைச்சுடாதீங்க. தேவைக்குக் கீழ போனா நோய் கிளம்பும். கணக்கைப் போட்டு எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட கேளுங்க.)

இன்னொரு கூட்டம் இருக்கு, யாரும் அவங்களைப் பத்திப் பேசறதில்ல. 2014-ல இந்தியாவுல எச்.சி.க்யூ.வைச் சர்க்கரை நோய்க்குக் கூடுதல் மருந்தாக் கொடுக்கவும் அனுமதி கிடைச்சுது, நாளைக்கு 400 மில்லிகிராம்னு. ரொம்ப வருஷமாச் சர்க்கரை இருக்கிறவங்களுக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும்; விழித்திரையும் ஏற்கெனவே பாதிச்சிருக்கலாம். அவங்களுக்குக் கண்ணுல போட்டோ எடுக்கறப்போ டாக்டர் தேடுறது சர்க்கரையால வர்ற ரத்தக் கசிவை. அதாவது மறுபடியும் ரத்தக் குழாயை. அது தெளிவா இருந்துட்டா எல்லாமே தெளிவுன்னு ஆகிடுது. தங்களுக்கு எழுதியிருக்கிற ஆறேழு மாத்திரையில ஒண்ணு இதுன்னே நிறையப் பேருக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பேரைப் படிச்சுப் பாருங்க.

"இவ்வளவு தொல்லை எதுக்கு, மாத்திரையையே நிறுத்திட்டா?" இது பலரும் மனசுக்குள்ள கேட்கிற கேள்வி, சிலர் யாருக்கும் சொல்லாம செஞ்சும் பார்க்கிற வேலை. இதுக்கு 1991-லயே கனடாவுல பதில் கிடைச்சுடுச்சு. லூபஸ் அடங்கி நல்லா இருந்த 47 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மாத்திரையைத் தொடர்ந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்து ஆறு மாசம் பார்த்தாங்க. நிறுத்தினவங்களுக்கு நோய் திரும்பக் கிளம்பினது 2.5 மடங்கு. லூபஸ் கிளம்பினா சிறுநீரகம், மூளை, கர்ப்பம் எதையும் விட்டு வைக்காது. விழித்திரை ரத்தக் குழாயையும்தான். அதாவது, கண்ணைக் காப்பாத்த மாத்திரையை நிறுத்தினவங்களுக்கு நோயே வந்து கண்ணைக் கெடுக்கலாம். அதோட, நோய் கிளம்பினா ஸ்டீராய்டு ஏறும். ஸ்டீராய்டு ஏறினா சர்க்கரை, அழுத்தம், புரைன்னு கண்ணுக்கு வர்ற கேடு இன்னும் பெருசு. இந்த நோய்களுக்குக் கொடுக்கிற மருந்துகள்ல எச்.சி.க்யூ. சாதுவான மருந்து. அதனாலதான் அதைப் பல வருஷம் தொடரச் சொல்றாங்க, பல வருஷம் தொடர்றதாலதான் கண்ணைப் பார்க்கச் சொல்றாங்க.

"கேம்ப்ல பார்த்துட்டோமே" அப்படிங்கறது அடுத்த பதில். கண் முகாம் தமிழ்நாட்டோட பெருமை, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கின டாக்டர் கோ. வெங்கடசாமியே கடுமையான சரவாங்கியால விரல் கோணிப் போனவர். ராணுவத்துல டாக்டரா இருந்தவர், முப்பது வயசு வாக்குல நோய் வந்து படுத்த படுக்கையாகி, பிரசவ மருத்துவராகுற எண்ணத்தைக் கைவிட்டு, கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணின விரலாலயே கத்தியைப் பிடிக்கப் பழகி லட்சத்துக்கும் மேல அறுவை பண்ணினார். 58 வயசுல, 1976-ல, மதுரையில 11 படுக்கையோட அரவிந்தை ஆரம்பிச்சார். மூட்டையும் கண்ணையும் ஒரே உடம்புல வச்சு யோசிக்க அவரை விடப் பொருத்தமானவர் யாரு? ஆனா முகாம்னு ஒண்ணு எதுக்காக இருக்கோ அதுக்காகத்தான் இருக்கு: கண்புரையையும் கண்ணாடித் தேவையையும் ஆயிரக்கணக்கானவங்க கிட்ட வேகமாக் கண்டுபிடிக்க. டார்ச்சும் எழுத்து அட்டையும் அதுக்குப் போதும். நான் மேல சொன்ன வளையத்துக்குப் போதாது. முகாமைக் குறை சொல்ல இதுல எதுவும் இல்ல. நம்ம பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு விதிப்படி குறிப்பிட்ட இடைவெளியில நடக்கிற மருத்துவப் பரிசோதனைக்கும் இதே வாதம்தான். அங்க எழுத்து அட்டையைப் படிச்சுத் தேறின ஒருத்தர், ராத்திரி ஷிஃப்ட்டுல ராட்சத எந்திரத்தைப் பார்த்துக்கிறப்போ ஓரத்துல வர்ற வண்டியைக் கவனிக்கத் தேவையான பார்வைப் பரப்பு அவருக்கு முழுசா இருக்குன்னு அந்தத் தேர்ச்சி சொல்லாது. எச்.சி.க்யூ. சாப்பிடுறவரா இருந்தா, அதைத் தனியாச் சொல்லித் தனியாப் பார்க்கணும்.

அடுத்தது, கேட்கும்போதே எனக்கும் வலிக்கிற ஆட்சேபணை: வடலூர்லேருந்து வருஷா வருஷம் யாரு போறது? சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்ல வீடும் கம்பெனி ஆஸ்பத்திரியும் உள்ள நிரந்தரப் பணியாளர் நிலைமை வேற. ஒப்பந்தத் தொழிலாளி குடும்பம், ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போற குடும்பம் வேற. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிச்சா அன்னைக்கு முழுக்கக் கூசும், துணைக்கு ஒருத்தர் வரணும், அவர் கூலியும் போச்சு. இதை அலட்சியம்னு சொல்லிட்டுப் போறது அநியாயம். ஆனா செலவைக் குறைக்க வழி இருக்கு. புதுச்சேரி ஜிப்மர்ல இந்த வகை நோய்களுக்குன்னே க்ளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கு, அதே வளாகத்துல கண் பிரிவும் இருக்கு. மூட்டுக்கு மாத்திரை வாங்கப் போற நாளையும் கண்ணுக்குப் போற நாளையும் ஒண்ணாக்கிக் கொடுத்தா ஒரு பயணம் மிச்சம். கடலூர்-புதுச்சேரி சாலையிலேயே, தவளக்குப்பத்துல அரவிந்த் இருக்கு. வடலூர்க்காரங்க புதுச்சேரி போற வழியிலேயே வர்ற இடம். ஸ்கேனுக்கு எல்லாருக்கும் சொட்டு மருந்து விட வேண்டிய அவசியமும் இல்ல. முதல் வருஷச் சோதனையை முடிச்சு, இன்னும் ஐந்து வருஷம் ஆகாம, அளவும் சரியா இருந்து, சிறுநீரகக் கோளாறு, தமாக்ஸிஃபென் மாதிரி கூடுதல் ஆபத்தும் இல்லாதவங்க வருஷா வருஷம் போக வேண்டாம். யாரு போகணும், யாருக்கு இப்போ வேண்டாம்னு பிரிச்சுச் சொன்னாலே பாதிப் பேரோட அலைச்சல் தீரும். எல்லாரையும் ஒரே மாதிரி பயமுறுத்துறதுல, போக வேண்டியவங்களே சலிச்சுப் போய் விட்டுடறாங்க.

அப்படிப் பிரிச்சுச் சொல்றது யார் வேலை? மூட்டு டாக்டர், கண் டாக்டர் பார்த்துக்குவார்னு விடுறார். கண் டாக்டருக்கு மாத்திரை விவரமே போய்ச் சேரலை. மருந்துக்கடையில பழைய சீட்டைக் காட்டினா மாத்திரை கிடைச்சுடுது, வருஷம் ஓடிடுது. நடுவுல நிக்கறது நோயாளி மட்டும். எனக்குத் தோணுற தீர்வு பெரிய திட்டம் எதுவும் இல்ல. ஒவ்வொரு சீட்டுலயும் மாத்திரைப் பேருக்குப் பக்கத்துல மூணு விவரம் எழுதணும்: எந்த வருஷம் ஆரம்பிச்சது, இன்னைக்கு எடை எவ்வளவு, கடைசியா ஓ.சி.டி.யும் ஃபீல்டும் எப்போ பார்த்தது. இதைப் பார்க்கிற யாருக்கும், கடைக்காரர், நர்ஸ், படிக்கிற பேத்தி, யாரா இருந்தாலும், சோதனை எப்போன்னு தெரிஞ்சுடும். 2021-லேருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறாங்க. வீடு வரைக்கும் வர்ற அந்தக் கை, சீட்டுல எச்.சி.க்யூ. இருக்கான்னு ஒரு பார்வை பார்த்து, இந்த மூணு விவரத்தையும் கேட்டுட்டுப் போகலாம். அதுக்குப் புதுக் கருவியோ புது ஆளோ வேண்டாம். டாக்டருக்கு நேரம் இல்லைன்னு சொல்றவங்களுக்கு: நேரம் இல்லாததாலதான் எழுதச் சொல்றேன். நோயாளியே வீட்டுல எழுதி எடுத்துக்கிட்டுப் போனாலும் போதும், டாக்டர் சரி பார்த்தா ஆச்சு.

கடைசியா ஒரு பயம் மிச்சம் இருக்கு: "ஸ்கேன்ல ஏதாவது வந்துட்டா?" வந்தா அன்னைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். 2021-ல அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள், தோல் மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் ஒண்ணா உட்கார்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே இதை அழுத்திச் சொல்லியிருக்காங்க. அரைகுறைச் சந்தேகத்துல மாத்திரையை நிறுத்தி நோயாளியை நோய்கிட்ட விட்டுடக் கூடாது, மறுபடி சோதிச்சு, வேற சோதனையாலயும் உறுதி பண்ணி, மாத்திரை எழுதின டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவெடுக்கணும்னு. அப்படி உறுதியாகி, நிறுத்தத்தான் வேணும்னு ஆனாலும், அதோட கண் டாக்டரை மறந்துடக் கூடாது. மருந்து உடம்பை விட்டு முழுசாப் போக மாசக்கணக்கு ஆகும். சேதம் முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா பெரும்பாலும் அந்த அளவோட நின்னுடும். முத்திப் போய்த் தெரிஞ்சிருந்தா, மாத்திரையை நிறுத்தின அப்புறமும் சில வருஷம் வரைக்கும் பரவிக்கிட்டே போகலாம். அதனால நிறுத்தினவங்களும் ஸ்கேனுக்குப் போகணும்.